ஒரு பம்ப் கம்பெனிக்கு டெர்ம்பேஸ் கட்டிய அனுபவம்

கோயம்புத்தூரில் மோனோபிளாக் பம்பும் அதற்கான கன்ட்ரோல் பேனலும் செய்கிற ஒரு நடுத்தரக் கம்பெனி. ஜெர்மனி, ஸ்பெயின், மெக்சிகோ என்று மூன்று நாடுகளுக்கு ஏற்றுமதி தொடங்கியிருந்தார்கள். ஆங்கிலக் கையேட்டை ஒரு ஏஜென்சி ஜெர்மனிலும் ஸ்பானிஷிலும் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தது. "டீலருங்க தப்பான ஸ்பேர் ஆர்டர் பண்றாங்க, மொழிபெயர்ப்பை ஒருதரம் சரிபார்த்துக் கொடுங்க" என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

சரிபார்க்க உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது, கோளாறு மொழிபெயர்ப்பில் தொடங்கவில்லை. மூல ஆங்கிலத்திலேயே ஒரு பாகத்துக்கு மூன்று பெயர் இருந்தது, ஒரு பெயர் மூன்று பாகத்தைக் குறித்தது. கையேடு ஒரு பெயர் சொல்கிறது, ஸ்பேர் கேட்டலாக் வேறு சொல்கிறது, பேனலின் திரை இன்னொன்று காட்டுகிறது. ஜெர்மன் பக்கத்தை எவ்வளவு திருத்தினாலும் அடுத்த மாடல் வந்ததும் அதே குழப்பம் திரும்பி வரும். அதனால் திருத்தத்தை நிறுத்திவிட்டு டெர்ம்பேஸ், அதாவது கம்பெனியின் சொற்களுக்கான பன்மொழித் தரவுத்தளம், கட்டலாம் என்றேன். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ஏற்றுமதிக்குக் கையேடும் மென்பொருளும் தயாரிக்கிற நம் ஊர்க் கம்பெனிகள் நிறைய. அவர்களுக்குப் பயன்படும் என்று செய்த வேலையை எழுதி வைக்கிறேன்.

நிர்வாகம் சீக்கிரம் ஒப்புக்கொண்டதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42/இசி இயந்திர நெறிமுறைப்படி, இயந்திரம் எந்த நாட்டில் விற்பனைக்கு வருகிறதோ அந்த நாட்டின் அலுவல் மொழியில் கையேடு இருந்தாக வேண்டும். அட்டையில் "மூலக் கையேடு" அல்லது "மூலக் கையேட்டின் மொழிபெயர்ப்பு" என்று அந்தந்த மொழியில் குறிப்பிட வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தையும் கூடவே கொடுக்க வேண்டும். ஆக, ஜெர்மன் வாடிக்கையாளர் கையில் ஆங்கிலமும் ஜெர்மனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அவரே கண்டுபிடித்துவிடுவார். 2027 ஜனவரி 20 முதல் இந்த நெறிமுறையின் இடத்துக்கு 2023/1230 என்ற ஒழுங்குமுறை வருகிறது. அதன்படி கையேட்டை டிஜிட்டலாகவும் கொடுக்கலாம். டிஜிட்டல் என்றால் தேடல் வரும்; தேடல் வந்தால் சொல் ஒன்றாக இருப்பது இன்னும் முக்கியமாகிறது.

சொற்களைச் சேர்த்தது

முதல் வேலை இருப்பதையெல்லாம் ஓரிடத்தில் கொட்டுவது. கையேடு, ஸ்பேர் கேட்டலாக், நேம்பிளேட், அட்டைப் பெட்டியில் அச்சாகும் வாசகம், பேனல் ஃபர்ம்வேரில் (பேனலுக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கும் செய்திகள், இஆர்பி-யில் (கம்பெனியின் நிர்வாக மென்பொருள்) இருக்கும் பாகப் பெயர்கள், சர்வீஸ் ஆட்கள் டீலர்களுக்கு எழுதிய மின்னஞ்சல்கள். எல்லாவற்றையும் வெறும் டெக்ஸ்ட் கோப்பாக மாற்றி ஆன்ட்காங்க் என்ற இலவச மென்பொருளில் போட்டேன். இரண்டு மூன்று சொல் சேர்ந்து வரும் தொடர்களை அது எண்ணிக்கை வாரியாகக் கொடுத்துவிடும். "சக்ஷன் பைப்", "மெக்கானிக்கல் சீல்", "டிரை ரன்" எல்லாம் மேலே மிதந்து வந்தன. எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. ஒரே ஒரு தடவை வரும் சொல் ஷாக் அடிப்பதைப் பற்றியதாக இருக்கலாம். அதனால் எச்சரிக்கைப் பகுதிகளை மட்டும் கண்ணாலேயே வரி வரியாகப் படித்தேன்.

இப்படிக் கிடைத்த பட்டியலில் அதிகம் தொல்லை கொடுத்த சொல் "சீல்". கேட்டலாக்கில் நான்கு வேறு பார்ட் நம்பர்களுக்கு எதிரே வெறும் "சீல்" என்றே இருந்தது. பட்டியலை எடுத்துக்கொண்டு அசெம்பிளிக்குப் போனேன். ஃபோர்மேன் அண்ணா நான்கையும் மேசை மேல் வரிசையாக வைத்தார்.

"இது மெக்கானிக்கல் சீலுங்க தம்பி. ஒரு பக்கம் கார்பன் முகம், ஒரு பக்கம் செராமிக், நடுவுல ஸ்பிரிங்கு. ஷாஃப்ட் வழியா தண்ணி வெளிய வராம நிறுத்தறது இதுதான். இது ஆயில் சீலு, பேரிங்குக்குத் தண்ணியும் தூசியும் போகாம இருக்கறதுக்கு. இது ஓ-ரிங்கு, கேசிங்குக்கும் பேக் பிளேட்டுக்கும் நடுவுல உக்காரும். பெரிய மாடலுக்கு மெக்கானிக்கல் சீலே கிடையாதுங்க, கிளாண்டு ரோப்புதான்."

"கிளாண்டு ரோப்பையும் ஆபீஸ்ல சீலுன்னுதானே அண்ணா எழுதியிருக்காங்க?"

"எழுதுவாங்க. ஆனா ரெண்டும் நேரெதிருங்க. மெக்கானிக்கல் சீல்ல தண்ணி வந்துச்சுன்னா சீலு போச்சு, மாத்தணும். கிளாண்டுல சொட்டுச் சொட்டா வந்தாத்தான் நல்லது. வரலைன்னா கயிறு காஞ்சு சூடேறி, ஷாஃப்ட் மேல மாட்டியிருக்கற ஸ்லீவைத் தின்னுரும்."

கையேட்டை எடுத்துப் பார்த்தேன். பராமரிப்புப் பகுதியில், "சீலில் இலேசான கசிவு இயல்பானதே" என்று ஒரே வாக்கியம், எல்லா மாடலுக்கும் பொதுவாக. சின்ன மாடல் வாங்கியவர் இதைப் படித்துவிட்டு மெக்கானிக்கல் சீல் ஒழுகுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், தண்ணீர் மோட்டாருக்குள் போகும்வரை. பெரிய மாடல் வாங்கியவர் "சீல் என்றால் ஒழுகக்கூடாது" என்ற பொது அறிவின்படி கிளாண்டை ஸ்பேனர் போட்டு முறுக்கி ஸ்லீவைக் கெடுப்பார். இதில் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்ய முடியும்? அவர் கைக்குப் பம்ப் போகவில்லை, வாக்கியம் மட்டும்தான் போனது. ஜெர்மனில் அடைப்பு எதற்கும் பொருந்துகிற "டிக்டுங்" என்ற பொதுச் சொல்லைப் போட்டுவிட்டார். அவர் நிலையில் அது நியாயமான தேர்வுதான்.

பதிவின் அமைப்பு

நம்மில் பலர் குளோசரி என்றால் எக்செலில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் மற்ற மொழி என்று வைத்துக்கொள்வோம். "சீல்" மாதிரி ஒரு சொல் வந்ததும் அந்த அமைப்பு உடைந்துவிடும். டெர்ம்பேஸில் ஒரு பொருளுக்கு ஒரு பதிவு. பதிவின் தலையில் இருப்பது எண்ணும் வரையறையும். சொற்கள் அதன் கீழேதான் வரும். இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் ஆஸ்திரியப் பொறியாளர் ஓய்கன் வூஸ்டர். அவர் குடும்பத்தின் கருவித் தொழிற்சாலையை நடத்திக்கொண்டே இந்த ஆராய்ச்சியைச் செய்தவர். இயந்திரக் கருவிகளுக்கு அவர் தொகுத்த பன்மொழி அகராதி 1968-இல் வந்தது. அது பொருள்களின் வரிசையில் அமைந்தது. தொழிற்சாலைக்காரர் ஒருவர் தொடங்கிய துறை இது என்பதை நான் கம்பெனிக் கூட்டத்தில் சொன்னேன். டிராயிங் ஆபீஸ்காரர்கள் அதன் பிறகு இதை மொழிக்காரர்களின் வேலை என்று ஒதுக்கவில்லை.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். கிளாண்ட் பேக்கிங்குக்கு எழுதியது இது:

கருத்து எண்: 37
துறை: பம்ப், ஷாஃப்ட் அடைப்பு
வரையறை: ஸ்டஃபிங் பாக்ஸுக்குள் ஷாஃப்டைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்கி, கிளாண்டால் இறுக்கும் பின்னிய கயிறு. ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும்.
ஆங்கிலம்: கிளாண்ட் பேக்கிங் – பயன்படுத்து. கிளாண்ட் ரோப் – பேச்சில் உண்டு, கையேட்டில் வேண்டாம். சீல் – தடை.
ஜெர்மன்: ஷ்டோஃப்புக்ஸ்பாக்குங் – பயன்படுத்து, பெண்பால். டிக்டுங் – தனியாக வந்தால் தடை.
ஸ்பானிஷ், இரண்டு நாட்டுக்கும்: எம்பாகெட்டாதூரா – பயன்படுத்து, பெண்பால். எம்பாக்கே – தடை. மெக்சிகோவில் கேஸ்கெட்டுக்கும் அதுவே பெயர்.
குழப்பம் வரக்கூடிய பதிவு: 36, மெக்கானிக்கல் சீல்
படம்: கேட்டலாக் படத்தில் 14-ஆம் பாகம்

பதிவில் எனக்கு மிகவும் முக்கியமான வரிகள் இரண்டு. ஒன்று, தடைச் சொல்லும் அதற்கான காரணமும். காரணம் எழுதாத தடையை அடுத்த மொழிபெயர்ப்பாளர் மதிக்கமாட்டார், மதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டாவது, "குழப்பம் வரக்கூடிய பதிவு". இதைப் போட்டதும் மொழிபெயர்ப்பாளர் 37-ஐத் திறக்கும்போதே 36-ம் கண்ணில் படும்.

வரையறைகளை நாமே உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. திரவப் பம்புகளுக்கு ஐஎஸ்ஓ 17769 என்ற தரநிலை இருக்கிறது. முதல் பாகமும் பம்ப் அமைப்புகளுக்கான இரண்டாம் பாகமும் 2012-இல் வந்தன. மின்சாரச் சொற்களுக்கு எலெக்ட்ரோபீடியா; சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி இதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், ஜெர்மன், ஸ்பானிஷ் உட்படப் பல மொழிகளில் இணைச்சொற்களோடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐயேட் சொல் தரவுத்தளம் 2007 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. சட்டச் சொற்களுக்கு ஐயேட் நல்லது. பம்ப் பாகங்களுக்கு அங்கே போனால் பல துறைகளின் சொல் கலந்து வரும், துறையைப் பார்த்து எடுக்க வேண்டும்.

மூல ஆங்கிலத்தைத் துடைத்தது

நம் ஊர் பம்ப் ஆங்கிலம் பிரிட்டிஷ் வழி வந்தது. தண்ணீர் வெளியேறும் பக்கம் நமக்கு "டெலிவரி". கோயம்புத்தூரில் எந்தக் கடையில் போய் டெலிவரி பைப் என்றாலும் புரியும். அதே கையேட்டில், "டெலிவரியின்போது பம்பைப் பரிசோதிக்கவும்" என்று சரக்கு வந்து சேர்வதற்கும் டெலிவரி இருந்தது. ஜெர்மனில் இரண்டுமே சரக்கு அனுப்புவதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டன. "லீஃபர்" என்று தொடங்கும் ஒரு வால்வு உருவாகியிருந்தது. அப்படி ஒரு வால்வு எந்த ஜெர்மன் பிளம்பரிடமும் கிடையாது. அங்கே அந்தப் பக்கத்துக்கு "ட்ருக்", அதாவது அழுத்தம், என்பதை வைத்துப் பெயர்: குழாய் என்றால் ட்ருக்லைட்டுங். ஸ்பெயினில் இம்புல்சியோன். மெக்சிகோவில் தெஸ்கார்கா.

நான் செய்தது, ஆங்கிலத்தில் தண்ணீர்ப் பக்கத்துக்கு "டிஸ்சார்ஜ்" என்று ஏற்றுமதிக் கையேட்டில் மாற்றி, "டெலிவரி"யைச் சரக்குக்கு மட்டும் விட்டது. விற்பனைப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம டீலருங்களுக்கு டெலிவரிதாங்க பழக்கம்" என்றார்கள். அது உண்மை. ஆகவே இந்திய ஆங்கிலம், ஏற்றுமதி ஆங்கிலம் என்று பதிவில் இரண்டு வரி வைத்தோம். உள்நாட்டுக் கையேட்டில் டெலிவரி அப்படியே இருக்கிறது. டெர்ம்பேஸ் மொழிக்கு மட்டும் பிரிந்தால் போதாது, சந்தைக்கும் பிரிய வேண்டும். தமிழுக்கும் இது பொருந்தும்: இதே கம்பெனியின் தமிழ்க் கையேட்டில் "பம்ப்" என்றிருக்கிறது, இலங்கைக்குப் போனால் "நீர்ப்பம்பி" என்பது அங்கே பழகிய சொல். ஒரே மொழிக் குறியீட்டின் கீழ் இரண்டையும் போட்டால் இரண்டு ஊருக்கும் பொருந்தாத கையேடு வரும்.

ஸ்பானிஷில் இந்தப் பிரிவு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. மெக்கானிக்கல் சீலுக்கு ஸ்பெயினில் சியெர்ரே மெகானிகோ, மெக்சிகோவில் செல்லோ மெகானிகோ. ஹெட்டுக்கு, அதாவது பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரத்துக்கு, ஸ்பெயினில் அல்தூரா, மெக்சிகோவில் கார்கா. உறிஞ்சு குழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வுக்கு இரண்டு நாட்டிலும் வால்வுலா தெ பியே என்றால் புரியும். ஆனால் மெக்சிகோ விவசாயி வாயில் வருவது "பிச்சாஞ்சா". மெக்சிகோ டீலர் ஒருவர் வீடியோ அழைப்பில் அந்தச் சொல்லைச் சொல்லி ஃபுட் வால்வைத் தூக்கிக் காட்டியதும் அதை "ஏற்கலாம்" என்ற நிலையில் சேர்த்தேன். மெக்சிகோ கையேட்டில் முதல் தடவை வால்வுலா தெ பியே வரும் இடத்தில் மட்டும் பிச்சாஞ்சாவும் அடைப்புக்குறிக்குள் வருகிறது. வயலில் நின்று படிக்கிறவருக்கான ஏற்பாடு அது.

குதிரைத்திறன் தனிப் பிரச்சினை. நமக்கு 5 எச்பி என்றால் 3.7 கிலோவாட். ஜெர்மனில் எச்பி என்பதைப் "பிஎஸ்" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். பிஎஸ் என்பது மெட்ரிக் குதிரைத்திறன், 735.5 வாட், நம் எச்பி 745.7 வாட். ஸ்பானிஷின் "சிவி"யும் மெட்ரிக்தான். வித்தியாசம் சிறியது, ஆனால் நேம்பிளேட்டில் ஒரு எண், கையேட்டில் வேறு எண் என்றாகிவிடும். பதிவில் "எல்லா ஏற்றுமதி ஆவணத்திலும் கிலோவாட் மட்டும், பிஎஸ், சிவி தடை" என்று முடித்துவிட்டோம்.

எச்சரிக்கைச் சொற்களில் விவாதத்துக்கே இடம் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ இசட்535 தரநிலை வரிசைப்படி டேஞ்சர் என்றால் தவிர்க்காவிட்டால் மரணமோ கடுங்காயமோ நேரும். வார்னிங் என்றால் நேரக்கூடும். காஷன் என்றால் சிறு காயம் அல்லது மிதமான காயம். நோட்டீஸ் என்றால் பொருள் சேதம் மட்டும். ஜெர்மனில் கெஃபார், வார்னுங், ஃபோர்ஸிக்ட், ஹின்வைஸ். மூல ஆங்கிலத்தில் "அட்டென்ஷன்" என்றும் சில இடங்களில் இருந்தது. எந்தப் படிநிலையிலும் சேராத சொல் அது. ஒவ்வோர் இடத்திலும் என்ன ஆபத்து என்று சர்வீஸ் மேனேஜரிடம் கேட்டு நான்கில் ஒன்றாக மாற்றினோம். டெர்மினல் பாக்ஸைத் திறப்பது பற்றிய குறிப்பு "அட்டென்ஷன்" என்று இருந்தது, இப்போது "டேஞ்சர்".

பதினாறு எழுத்துக்குள்

பேனலில் இருப்பது பதினாறு எழுத்து, இரண்டு வரி எல்சிடி. உள்ளே எச்டி44780 வகைச் சில்லு. இங்கேதான் டெர்ம்பேஸ் வெறும் மொழி வேலை இல்லை என்பது ஃபர்ம்வேர் பையன்களுக்கும் புரிந்தது.

தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடாமல் காக்கும் வசதிக்கு ஜெர்மனில் ட்ரோக்கன்லௌஃப்ஷுட்ஸ். ரோமன் எழுத்தில் எண்ணிப் பார்த்தால் பதினேழு. திரையில் கடைசி எழுத்து விழுந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளருக்கு நீள வரம்பைச் சொல்லியிருந்தால் முதலிலேயே பார்த்திருப்பார். பதிவில் "திரைச் சொல்" என்று தனி வரி சேர்த்தோம்: முழுச் சொல், அனுமதித்த சுருக்கம், எழுத்து எண்ணிக்கை. அமைப்பு மெனுவில் நடுவே ஒரு புள்ளியும் ஒரு கோடும் போட்டு ட்ரோக்கன்ல்.-ஷுட்ஸ் என்று சுருக்கியதும் சரியாகப் பதினாறு. கோளாறு நேரும்போது காட்டும் செய்திக்குச் சுருக்கமே வேண்டாம். அங்கே சொல்ல வேண்டியது காப்பு வசதியின் பெயரை அல்ல, நடந்ததை: ட்ரோக்கன்லௌஃப், பதினோரு எழுத்து. ஸ்பானிஷில் மார்ச்சா என் சேக்கோ, இடைவெளி சேர்த்துப் பதினான்கு.

அடுத்தது எழுத்துரு. ஓவர்லோடுக்கு ஜெர்மனில் ஊபர்லாஸ்ட். முதல் எழுத்து, தலையில் இரண்டு புள்ளி வைத்த பெரிய யு. இந்தச் சில்லின் ஏ00 என்ற ஜப்பானிய எழுத்துப் பட்டியலில் சிறிய எழுத்து இருக்கிறது, பெரியது கிடையாது. ஜெர்மனில் பெயர்ச்சொல் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். ஸ்பானிஷின் அழுத்தக்குறி வைத்த ஓ-வும் அந்தப் பட்டியலில் இல்லை. அழுத்தக்குறியை விட்டுவிடலாமே என்று கேட்டார்கள். விடக்கூடாது, ஸ்பானிஷில் பெரிய எழுத்துக்கும் அது கட்டாயம். ஏ02 என்ற ஐரோப்பியப் பட்டியல் உள்ள திரை வாங்கினால் தீரும், ஆனால் ஸ்டோரில் ஏ00 திரைகள் ஏராளமாக இருந்தன.

வழி இருந்தது. இந்தச் சில்லில் நாமே வரைந்து ஏற்றிக்கொள்ள எட்டு எழுத்துக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றும் ஐந்துக்கு எட்டுப் புள்ளி. மோட்டார் ஓடும் குறி, தண்ணீர்த் துளி என்று சிலவற்றை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார்கள். பயனர் மொழியைத் தேர்ந்தெடுத்ததும் அந்த மொழிக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் மீதி இடத்தில் ஏற்றுமாறு ஃபர்ம்வேரை மாற்றினார்கள். எந்த மொழிக்கு எந்தெந்த எழுத்து வேண்டும் என்ற பட்டியல் எங்கிருந்து வந்தது? டெர்ம்பேஸின் "திரைச் சொல்" வரிகளிலிருந்து. அந்த வரிகளில் வரும், ஏ00-வில் இல்லாத எழுத்துகளை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் திரட்டிக் கொடுத்தது. பெரிய யு-வை வரைவதுதான் சிரமம். எட்டுப் புள்ளி உயரத்தில் மேல் வரிசை புள்ளிகளுக்குப் போனால் எழுத்துக்கு உயரம் குறைகிறது. புள்ளி வரிசைக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரிசை காலி விட்டதும் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது.

திரையில் இன்னொரு சிக்கல் மின்னழுத்தம். நம் பேனல் மின்னழுத்தம் குறைவாக வரும்போது "லோ வோல்டேஜ்" என்று காட்டும். மின்பொறியியலில் லோ வோல்டேஜ் என்பது ஒரு வகுப்பு. ஐஇசி கணக்கில் 1000 வோல்ட் ஏசி வரை எல்லாமே அதுதான். மொழிபெயர்ப்பிலும் வகுப்பின் பெயர்தான் வந்திருந்தது: ஜெர்மனில் நீடர்ஷ்பானுங், ஸ்பானிஷில் பாஹா தென்சியோன். அங்கே உள்ள எலெக்ட்ரீசியனுக்கு அது கோளாறாகவே படாது. வேண்டியது உன்டர்ஷ்பானுங், பதின்மூன்று எழுத்து, ஸ்பானிஷில் சுப்தென்சியோன். ஆங்கில மூலத்தையும் "அண்டர்வோல்டேஜ்" என்று மாற்றினோம்.

கோப்பும் சரிபார்ப்பும்

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் கருவி இரண்டாம் பட்சம். ஏஜென்சி டிராடோஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் வைத்திருந்தது, டெர்ம்பேஸுக்காக அதோடு வரும் மல்டிடெர்மில் ஏற்றிக்கொண்டார்கள். தனியாக வேலை செய்கிற ஒரு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வைத்திருந்தது ஒமேகாடி என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள். அது குளோசரி ஃபோல்டரில் டேப் இட்டுப் பிரித்த சாதாரண கோப்பையே எடுத்துக்கொள்ளும்: முதல் பத்தி மூலம், இரண்டாவது இலக்கு, மூன்றாவது குறிப்பு. தடைக்கான காரணத்தை மூன்றாவது பத்தியில் போட்டுக் கொடுத்தேன்.

பொதுக் கோப்பாக டிபிஎக்ஸ். இது சொல் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எக்ஸ்எம்எல் வடிவம், ஐஎஸ்ஓ 30042. கவனிக்க வேண்டியது, 2008-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் குறிச்சொற்கள் வேறு. பழையதில் "டெர்ம்என்ட்ரி", "லாங்செட்". புதியதில் "கான்செப்ட்என்ட்ரி", "லாங்செக்". ஒரு கருவி பழையதை எழுதி மற்றது புதியதை எதிர்பார்த்தால் பதிவே இல்லாத காலிக் கோப்பாக ஏறும், பிழைச் செய்திகூட வராமல் போகலாம். ஏற்றியதும் பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

எக்செலில் சிஎஸ்வி-யாக, அதாவது காற்புள்ளி இட்டுப் பிரித்த கோப்பாக, அனுப்புவதைத் தவிர்த்தோம். ஜெர்மன் எக்செலில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வருவதால் சிஎஸ்வி-யைப் பிரிக்க அரைப்புள்ளி. அங்கே திறந்தால் ஒரு வரி முழுவதும் ஒரே கட்டத்தில் போய் உட்காரும். பூஜ்யத்தில் தொடங்கும் பார்ட் நம்பர்களின் முன்பூஜ்யமும் போய்விடும். எக்செல் கோப்பாகவே, பார்ட் நம்பர் பத்தியை டெக்ஸ்ட் என்று வைத்து அனுப்பினால் இந்த இரண்டு சிக்கலும் வராது.

வந்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கப் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட். மூல வாக்கியத்தில் ஒரு பதிவின் சொல் இருந்தால், மொழிபெயர்ப்பில் அதன் அங்கீகரித்த சொல் இருக்கிறதா, தடைச் சொல் இருக்கிறதா என்று பார்க்கும். எழுத எளிது, பயன்பட வைக்க மூன்று இடத்தில் உழைக்க வேண்டியிருந்தது.

முதலாவது யூனிகோட். புள்ளி வைத்த யு ஒரே குறியீடாகவும் இருக்கலாம், யு-வும் புள்ளியும் தனித்தனிக் குறியீடாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்த வரிகளில் இது நிறைய. நம் "கொ"விலும் இதே கதைதான்: ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரும், கொம்பும் காலுமாகப் பிரிந்தும் வரும். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும், ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது ஜெர்மன் கூட்டுச்சொல். தடைச்சொல்லான டிக்டுங், மெக்கானிக்கல் சீலுக்கு அங்கீகரித்த சொல்லான கிளைட்ரிங்டிக்டுங்கின் வாலாகவும் இருக்கிறது. வெறுமனே தேடினால் சரியான ஒவ்வொரு இடத்திலும் ஸ்கிரிப்ட் கத்தும். சொல் எல்லையும் பெரிய எழுத்தும் பார்த்துத் தேடினால் தனியாக வரும் டிக்டுங் மட்டும் சிக்கும். பன்மைக்கு வால் சேரும் சொற்கள் எளிது. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்குரிய லௌஃப்ராட் பன்மையில் லௌஃப்ரேடர் என்று உயிரெழுத்தே மாறும். இப்படிப்பட்டவற்றுக்குப் பன்மை வடிவத்தைப் பதிவிலேயே எழுதிவிட்டேன். இலக்கணம் அறிந்த பெரிய மென்பொருள் தேவைப்படவில்லை.

மூன்றாவது தமிழ்க் கையேடு. பைத்தானின் சாதாரண ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (தேடல் வடிவம் எழுதும் முறை) சொல் எல்லைக் குறி நம் எழுத்துக்கு வேலை செய்யாது. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கணக்கிடுவதில்லை, அதனால் சொல்லின் நடுவிலேயே எல்லை விழும். யூனிகோட் தமிழ்ப் பகுதியில் உள்ள எந்தக் குறியீடும் முன்னால் வரக்கூடாது என்று இடப்பக்க எல்லையை மட்டும் நாமே எழுத வேண்டும். வலப்பக்கத்தைத் திறந்து விடலாம், வேற்றுமை உருபு சேரும் பக்கம் அது. "வால்வு" என்று தேடினால் வால்வை, வால்வின் எதுவும் கிடைக்காது. கடைசி உகரக் குறியை எடுத்துவிட்டு "வால்வ" என்று தேடினால் எல்லாம் கிடைக்கும்.

யார் மாற்றலாம்

டெர்ம்பேஸ் கட்டிய பிறகு அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் கெட்டுப்போவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே டிராயிங் ஆபீஸில் ஒருவரைப் பொறுப்பாளராக்கினோம். காரணம், புதிய பாகத்துக்கு முதல் பெயர் வைக்கிற இடம் அதுதான். இஆர்பி-யில் புதிய பாகம் உருவாக்கும் படிவத்தில் கருத்து எண் கட்டாயம். எண் இல்லையென்றால் முதலில் வரையறை எழுத வேண்டும், பிறகுதான் பாகம். தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. ஒரே பாகத்தை வேறு பெயரில் இரண்டாம் முறை உருவாக்கப் போன ஒருவரைப் படிவம் தடுத்து நிறுத்திய பிறகு, ஸ்டோர்காரர்களே இதற்கு ஆதரவாகப் பேசத் தொடங்கினார்கள்.

எந்தச் சொல்லையும் அழிப்பதில்லை என்பது இன்னொரு விதி. வயலில் ஓடுகிற பழைய பம்போடு பழைய கையேடும் இருக்கும். அதில் "சீல்" என்றுதான் அச்சாகியிருக்கும். அந்த டீலர் "சீல்" என்று தேடினால் "எந்தச் சீல்?" என்று கேட்டு நான்கு படத்தையும் காட்ட வேண்டும். இப்போது ஸ்பேர் ஆர்டர் பக்கத்தின் தேடல் டெர்ம்பேஸிலிருந்தே எடுக்கிறது. தடைச் சொற்களும் பேச்சு வழக்கும் தேடலுக்குள் நுழையும் வாசலாகிவிட்டன. பிச்சாஞ்சா என்று அடித்தால் ஃபுட் வால்வின் பார்ட் நம்பர் வருகிறது.

அடுத்து பிரேசிலுக்குப் போர்ச்சுகீஸ். அங்கே இம்பெல்லருக்கு "ரோட்டார்" என்கிறார்கள். மோட்டாரின் சுழலும் பாகத்துக்கும் ரோட்டார்தான். மோனோபிளாக்கில் இந்த இரண்டும் ஒரே ஷாஃப்டில் உட்கார்ந்திருக்கின்றன, கேட்டலாக்கில் ஒரே படத்தில் வருகின்றன. "பம்பின் ரோட்டார்", "மோட்டாரின் ரோட்டார்" என்று எப்போதும் முழுதாகவே எழுத வேண்டும், தனியாக ரோட்டார் தடை என்று இரண்டு பதிவுகளை எழுதி, பிரேசில் டீலரின் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறேன்.